வெந்நீர் ஊற்றிய கை

அந்துவானுக்கு அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. எழுதி அடித்துவிட்டேன். இங்கே யாரும் நலமாக இல்லை என்பது உனக்கே தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே கிடக்கும் இரும்பு நாற்காலியில், தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு நீ தூங்குகிறாய். நான் உனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுப்பிப் பேசலாம்தான். காலையிலிருந்து பேச வந்தபோதெல்லாம் "இப்ப வேணாம்பா" என்று உள்ளங்கையைக் காட்டித் தடுத்துவிட்டாய். நானும் ஆயுள் முழுக்க ட்ரில் மாஸ்டராக இருந்தவன், வாயைத் திறந்தால் குரல் தானாக உயர்ந்துவிடும். நாம் இரண்டு பேரும் சத்தம் போட்டால் வாட்ச்மேன் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் தாள் கேட்டேன். "வக்கீலுக்கா?" என்றார். "மகனுக்கு" என்றேன். "பையன் எதிர்லதான தூங்கறாரு" என்றார். "அதனாலதான் எழுதறேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, பேனாவையும் கொடுத்தார். இதை நான் ஒட்டப் போவதில்லை. யார் கண்ணில் பட்டாலும் படட்டும். இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் இதில் ஏதோ ஒரு வரி பொருந்தும்.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே உன் மனைவி ஸ்டெல்லா கண் திறக்காமல் கிடக்கிறாள். சிசேரியன் செய்த காயத்தில் பிடித்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தையலைப் பிரித்துச் சுத்தம் செய்தும் காய்ச்சல் இறங்கவில்லை, சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. நீ கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது பெரிய டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐயா, நாளைக்குக் காலைல வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது. பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா இன்னிக்கே பாத்துட்டுப் போகட்டும்" என்றார். இதை உன்னிடம் சொல்லத்தான் அத்தனை முறை வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உன் அம்மாவை அடக்கம் செய்த நாளில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அவள் நோய்வாய்ப்பட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவள். இவள் நேற்று வந்த குழந்தை.

ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் என்பது இந்த ஆஸ்பத்திரியின் சட்டம். அந்தப் பாஸ் உன் சட்டைப் பையில் இருக்கிறது. அவளைப் பெற்ற லூர்தம்மா, என் சம்பந்தியம்மா, கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டியின் பக்கத்தில் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். "இனிமே எம் பொண்டாட்டி பக்கமே வராதீங்க. உங்க கையாலதான் இப்படி ஆச்சு" என்று ஊரே பார்க்க நீ சொன்ன பிறகு அந்த அம்மாள் கேட்டைத் தாண்டவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. மடியில் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி வைத்திருக்கிறார். யாருக்கு அந்தக் கஞ்சி என்று நான் கேட்கவில்லை. நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பாஸை அவரிடம் கொடு. இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே, கெஞ்சுகிறேன் என்றே எடுத்துக்கொள்.

நீயும் வயிற்றைத் திறந்து எடுத்த பிள்ளைதான். டவுனில் இருந்த பழைய பிரசவ ஆஸ்பத்திரியில் உன் அம்மா மதலேன் வலியோடு கிடந்தாள். கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். நான் எங்கே என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்ற சிப்பாயாக இருந்து சண்டையெல்லாம் பார்த்த உன் தாத்தா, ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் நீ கத்தும் சத்தம் கேட்டது. நல்ல சத்தம், என் விசிலுக்குச் சமமாக இருந்தது. அந்தக் கத்தி இல்லையென்றால் நீயும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. அதனால் எனக்கு ஆப்பரேஷன் மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு நாளாக நீ எதன் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் கோபப்படுகிறாய்.

உன்னைப் பெற்று வீட்டுக்கு வந்தபோது உன் அம்மாவின் பெரியம்மா, அண்டா நிறைய வெந்நீர் காய வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் ஓங்கி ஓங்கி வெந்நீர் அடித்து ஊற்றினால்தான் வயிறு உள்ளே போகும், அழுக்கு வெளியேறும் என்பது நம் வீடுகளில் வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள், மாதாகோயிலுக்குப் போகிறவர்கள் என்று இதில் வித்தியாசமே கிடையாது. உன் அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளிருந்து கத்தினாள்: "தையல் காயறவரைக்கும் எவளாவது உள்ள வந்தீங்க, அந்தத் தண்ணிய எடுத்து உங்க தலையிலயே ஊத்திடுவேன்!" தெருவே சிரித்தது. முத்தியால்பேட்டையில் அவளுக்கு வாயாடி என்று பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வாய்தான் அவளைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு அந்த வாய் கிடையாது. நல்ல பெண், எதிர்த்துப் பேசாத பெண் என்றுதானே நாம் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தோம்.

இப்போது தேதிக்கு வருகிறேன். நீ முகம் சுளிப்பாய், இருந்தாலும் படி. பிரான்சிலிருந்து நீ வந்து இறங்கியபோதே திரும்பிப் போகும் டிக்கெட்டும் உன்னிடம் இருந்தது. நீங்கள் வக்கான்ஸ் என்று சொல்லும் அந்த விடுமுறை முடிவதற்குள் குழந்தை பிறந்து, ஞானஸ்நானமும் நடந்து, நீ அதைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். ஆசையில் தப்பில்லை. நான் அதைவிட ஆசைப்பட்டேன். நம் வீட்டு முன்ஹாலில் உட்கார்ந்து, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நாம் பின்னோக்கி எண்ணினோம். விமானத்துக்கு முன்னால் ஞானஸ்நானம், அதற்கு முன்னால் தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்து கொஞ்சம் தேறுவதற்கு அவகாசம், அதற்கு முன்னால் ஆப்பரேஷன். விருந்து மண்டபத்துக்கு நான் சொல்லி வைத்தேன். பிரியாணிக்கு ஆள் சொன்னேன். ஸ்டெல்லா அந்த மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வயிற்றைப் பற்றித்தான் பேசுகிறோம், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளை ஆரம்பத்திலிருந்து பார்த்த டாக்டரம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "குழந்தை தலை திரும்பல, ஆப்பரேஷன்தான் பண்ணணும். ஆனா மாசம் முழுசா ஆகட்டும். கடைசி வாரங்கள்லதான் நுரையீரல் நல்லா தயாராவும். அவங்களுக்கு சுகர் வேற இருக்கு, ரத்தமும் கம்மி." நீ என்ன சொன்னாய்? "எப்படியும் ஆப்பரேஷன்தான டாக்டர், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா இன்னா ஆயிடப்போவுது?" அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் ஒத்துக்கொள்கிற வேறொரு இடத்தைத் தேடிப் போனோம், கிடைத்தது. கேட்டால் கிடைக்காத இடமா இது. ஆட்டோவில் திரும்பி வரும்போது ஸ்டெல்லா என்னிடம் மெதுவாக, "மாமா, கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்றாள். "அவன் ஊருக்குப் போவணுமேம்மா" என்று சொன்னேன்.

குழந்தை வெளியே வந்தபோது நீயும் நானும் கேட்டது அழுகைச் சத்தமில்லை, முனகல். மூச்சு விடுகிற ஒவ்வொரு முறையும் பூனைக்குட்டி மாதிரி முனகியது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்துப் போனது. மூச்சுக்கு உதவி செய்யும் மிஷின் அந்த இடத்தில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன ஆகுமோ என்று நாம் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லூர்தம்மாதான் நர்ஸைக் கெஞ்சி உள்ளே போனார். சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று மறைக்கல்வியில் நமக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அது ஞாபகம் வரவில்லை, அவருக்கு வந்தது. நர்ஸ் ஊசிக்குழாயில் கொடுத்த தண்ணீரில் மூன்று சொட்டு அந்த நெற்றியில் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நீ தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஃபேஷன் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. மதலேன் என்று சொல்லிவிட்டார். நீ பிறகு அதற்கும் எரிந்து விழுந்தாய். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எந்த ஞானஸ்நானத்துக்காக அவ்வளவு அவசரப்பட்டோமோ, அது மண்டபமும் பிரியாணியும் இல்லாமல் அப்படி நடந்து முடிந்தது.

குழந்தை இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, பச்சிளங்குழந்தை வார்டில் தங்கிவிட்டது. தையலோடு ஸ்டெல்லாவை நெல்லித்தோப்பில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் கொடுப்பதற்காக அவள் தினமும் ஆட்டோவில் இங்கே வந்து போனாள். நீ டிக்கெட்டை மாற்றுவதற்கும் வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்டுப் பேசுவதற்கும் அலைந்தாய், அதனால் நான்தான் துணைக்கு வந்தேன். இந்த நாட்களில்தான் லூர்தம்மா அந்த வெந்நீரை ஊற்றினார். நர்ஸ் குளிக்கலாம், காயம் மட்டும் உலர்வாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். குளிக்கிறது வேறு, நம் வீடுகளில் பிள்ளைபெற்றவளுக்கு ஊற்றுகிறது வேறு என்று அந்த அம்மாளுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. தன் வயிற்றுக்குத் தன் அம்மா என்ன செய்தாரோ அதையே தன் மகளுக்குச் செய்தார். அதற்குமேல் வயிறு தொங்கிவிடக்கூடாது என்று பழைய நூல் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். ஈரம் உள்ளே, கட்டு மேலே, நம் ஊர் வேக்காடு வேறு. உண்மைதான், நான் மறுக்கவில்லை. அது பெரிய தப்பு.

ஆனால் அந்த ஒரு தப்போடு கணக்கு முடிந்துவிட்டது என்று நீ நினைக்கிறாயே, அங்கேதான் நான் குறுக்கே வருகிறேன். ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தது அவளுக்கே தெரியும். சம்பந்தியம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்: "கையத் தொட்டுப் பாத்து, சுடுதேடின்னேன் அண்ணே. பேசாம இரும்மா, காய்ச்சல்னு தெரிஞ்சா பாப்பாகிட்ட விடமாட்டாங்க, அவரும் கோவிச்சுக்குவாருன்னா. மாத்திரை போட்டுக்கினு வந்துடறேன்னா." மாத்திரை போட்டால் காய்ச்சல் அடங்கும், ஆட்டோ ஏறி வருவாள், பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள், போவாள். தன் குழந்தையைப் பார்க்க விடமாட்டார்கள் என்று பயந்து ஒருத்தி தன் உயிரைப் பணயம் வைத்துக் காய்ச்சலை மறைத்திருக்கிறாள். அவளை அப்படிப் பயப்பட வைத்தது யார்? "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்று அவளிடம் நீ சொன்னதை நானே கேட்டேன்.

என்னையும் இதில் விட்டுவிடாதே. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பையன் நடந்து வரும் விதத்தைப் பார்த்தே எந்தக் காலில் சுளுக்கு என்று சொல்லிவிடுகிற ஆள் நான். ஸ்டெல்லா ஆட்டோவிலிருந்து இறங்கி முன்பக்கம் குனிந்து, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். முதல் நாள் நடந்ததைவிட அடுத்தடுத்த நாள் மோசமாக நடந்தாள். தேறுகிற உடம்பு அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். நெல்லித்தோப்பு வீட்டில் அந்த வெயிலில் அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஃபேனை நிறுத்தட்டுமாம்மா?" என்று கேட்டேன். "சரி மாமா" என்றாள். எழுந்து போய் நிறுத்தினேன். மருமகளிடம் வயிற்றைப் பற்றியும் தையலைப் பற்றியும் மாமனார் எப்படிக் கேட்பது என்று கூச்சம். உன் அம்மா இருந்திருந்தால் புடவையை விலக்கிப் பார்த்திருப்பாள். நான் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பேப்பர் படித்தேன்.

அதற்கு மறுநாள்தான் அவள் பால் பீய்ச்சிக்கொண்டிருந்த இடத்திலேயே நாற்காலியோடு சரிந்தாள். நர்ஸ் பிடித்தாள். "இன்னாம்மா இது, ஒடம்பு நெருப்பா கொதிக்குது! எத்தினி நாளா இப்படி இருக்கு?" என்று அவள் போட்ட சத்தம் எனக்கு வெளியே கேட்டது. கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தையும் சொல்ல வேண்டுமா. அதன் பிறகு டாக்டர் என்னிடமும் உன்னிடமும் ஒன்றாகத்தான் பேசினார். நீ கேட்டாய், "அந்தத் தண்ணிதான டாக்டர் காரணம்?" அவர் என்ன சொன்னார்? "தண்ணி ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்னு சொல்ல முடியாது. சுகர் இருந்தா காயம் லேட்டா ஆறும், ரத்தம் கம்மி, காய்ச்சல் வந்த அன்னிக்கே வந்திருக்கணும். ஆப்பரேஷன் ஆனவங்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ, காயம் செவந்து வலி கூடினாலோ ஒரு நாள்கூடப் பாத்துக்கினு இருக்கக்கூடாதுங்க." இவ்வளவும் சொன்னார். நீ முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போனாய்.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றால் டிக்கெட் காரணமில்லை. லூர்தம்மா மட்டும்தான் குற்றவாளி என்றால் நீ தப்பித்தாய், நான் தப்பித்தேன், ஆப்பரேஷன் நாளை முன்னதாகவே குறித்துக் கொடுத்த அந்த டாக்டரும் தப்பித்தார். நான் உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை, என் செல்லமே. எனக்கும் அந்த வழி பிடித்துத்தான் இருந்தது. நீ கேட்டில் கத்தியபோது உன் தோளைப் பிடித்து இழுக்காமல், ஒரு ஓரமாக, அப்பாடா என்று நின்றிருந்தேன். ஆனால் அன்பு வைத்துத் தப்புச் செய்தவர்களை எல்லாம் வெளியே நிறுத்துவது என்றால், தம்பி, உள்ளே போவதற்கு ஒரு ஆள் மிஞ்சமாட்டார். அந்தப் பாஸை வைத்துக்கொள்ளும் தகுதி நம் மூன்று பேரில் யாருக்கும் இல்லை. தகுதி பார்த்தா ஸ்டெல்லா நம்மை எதிர்பார்க்கிறாள்?

இன்று காலை உள்ளேயிருந்து வந்த நர்ஸ், "உதட்ட அசைக்கறாங்க, அம்மா அம்மான்னு சொல்றாங்க" என்று உன்னிடம் சொன்னாள். நீ தலையைக் குனிந்துகொண்டே, "வலில எல்லாரும் அம்மான்னுதான் சிஸ்டர் சொல்லுவாங்க" என்றாய். நான் பக்கத்திலேயே இருந்தேன். சரிதான், எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். நீகூட அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் அன்று அப்படித்தான் சொன்னாய், உன் அம்மா உன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் செத்துப் போனபோது பிரான்சிலிருந்து உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் கல்லறையைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். கூப்பிட்டால் வரமுடியாத இடத்துக்கு உன் அம்மா போய்விட்டாள். ஸ்டெல்லாவின் அம்மா கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டி ஓரமாக இருக்கிறார். கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். ஸ்டெல்லா இன்றைக்கு இல்லாமல் போய்விட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஒரு தாயை விடாமல் தடுத்தவன் நீ என்பதை யார் மறந்தாலும் நீ மறக்கமாட்டாய். உன் கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். அதற்குப் பிறகு எழுபது எண்பது வயது வரை நீ அதோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டெல்லா சரிந்ததிலிருந்து நீ குழந்தை வார்டுப் பக்கமே போகவில்லை. "ஜலதோஷமா இருக்கு, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்" என்று நர்ஸிடம் சொன்னாயாம். உனக்கு ஜலதோஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். குழந்தை இப்போது தானாக மூச்சு விடுகிறது. சின்னக் குழாய் வழியாகப் பால் இறங்குகிறது, தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பால். எடை ஏறவில்லை. "நெஞ்சோட வச்சு சூடு கொடுக்கணும், ஐயா. அம்மாவால முடியல, அப்பாவக் கூப்பிடுங்க" என்றாள் நர்ஸ். அப்பா வரவில்லை, அதனால் தாத்தா போனேன். கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவச் சொன்னார்கள், சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னார்கள். நரைத்த முடியோடு இந்தக் கிழட்டு நெஞ்சைத் திறந்துகொண்டு அத்தனை நர்ஸுகளுக்கு முன்னால் உட்கார எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அந்தக் கூச்சம் ஃபேன் சுவிட்ச் வரைக்கும் போய் என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன், இனிமேல் அது எனக்கு வேண்டாம். குழந்தையைத் துணியில்லாமல் என் நெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். கனமே இல்லை. முதலில் நெளிந்தது, பிறகு காதை என் மேல் வைத்துக்கொண்டு அடங்கியது. என் மூச்சு ஏறி இறங்குவதற்குத் தகுந்த மாதிரி அதுவும் ஏறி இறங்கியது. அதற்கு உன் மூக்கு, அந்துவான். உன் அம்மாவின் பெயரும் உன் மூக்கும். அது யாரிடமும் கோபமாக இல்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக நடந்தால் ஸ்டெல்லா வீட்டுக்கு வருவாள். அப்போது அவளிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டு நிறுத்திவிடாதே. காயம் எப்படி இருக்கு, காய்ச்சல் இருக்கா, எங்கே வலிக்கிறது என்று நீயே கேள், நீயே விலக்கிப் பார், கூச்சப்படாதே. அவள் சரி என்று சொன்னால் நம்பிவிடாதே, அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லுவாள். அடுத்த பிள்ளை என்று யாராவது ஆரம்பித்தால், அந்த வயிறு ஆறுவதற்கு வருடங்கள் வேண்டும் என்று அவர்கள் வாயை அடை, அது நானாகவே இருந்தாலும். நல்லபடியாக நடக்கவில்லை என்றால்… அதை என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன், மேலே அடித்த இடம் தெரியும். நாம் பின்னோக்கி எண்ணிய அந்த விமானம் போன வாரமே கிளம்பிப் போய்விட்டது. உன் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போனது. அதை மட்டும் யாராவது முன்னாலேயே நமக்குக் காட்டியிருக்கக் கூடாதா.

இப்போது பார்வையாளர்களை விடும் நேரம் வந்துவிட்டது, வாட்ச்மேன் கதவின் தாழ்ப்பாளை எடுக்கிறார். நீ இன்னும் தூங்குகிறாய். உன்னிடம் கேட்டு வாங்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதினேன், ஆனால் நீ விழித்து, படித்து, யோசித்து முடிப்பதற்குள் இந்த நேரம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. ஆகவே, அந்துவான், உன் சட்டைப் பையிலிருந்து பாஸை நான் எடுத்துக்கொண்டேன். ஆயுளில் முதல் திருட்டு, அதுவும் மகனிடம். கேட்டுக்குப் போய் அதைச் சம்பந்தியம்மாவின் கையில் கொடுக்கப் போகிறேன். வெந்நீர் ஊற்றிய அந்தக் கையைத்தான் ஸ்டெல்லா தேடுகிறாள், அது போய் அவள் நெற்றியில் இருக்கட்டும். பாஸ் இருந்த இடத்தில் இந்தத் தாளை மடித்து வைக்கிறேன். விழித்ததும் நீ பையைத் தடவுவாய், இது கையில் படும். கோபம் வரும். எழுந்து என்னைத் தேடுவாய். கேட்டுக்கு வராதே, இந்தக் கதவுக்கும் வராதே. மாடிப்படி ஏறி, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, குழந்தை வார்டுக்குப் போ. நர்ஸ் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கே பாஸ் கேட்கமாட்டார்கள். அப்பா என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.